அப்பாவின் குறிப்புகளும் ஐந்தருவித் தண்ணீரும்

ஆனி பிறந்துவிட்டது. சாரலும் வந்துவிட்டது. ஐந்தருவிச் சாலையில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் கூடை கூடையாக இறங்குகின்றன. காலையில் நடக்கப் போனால் குடையை விரிப்பதா மடக்குவதா என்று தெரியாத மழை. இந்தப் பருவத்தில் வீட்டுக்குள் உட்கார்ந்து எழுதுவது எனக்குப் பிடித்த வேலை.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என்னைப் பற்றித் தெரியும். பிறந்தது புதுச்சேரி. படித்தது பிரெஞ்சு வழியில். அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து எழுத்தராகவே ஓய்வு பெற்றேன். மனைவியின் ஊர்ப்பக்கம் என்பதால் கடைசிக் காலத்துக்கு ஐந்தருவி அருகே வந்து குடியேறினோம். கணினி எனக்குத் தொழில் அல்ல. ஆனால் சென்ற ஆண்டு நடந்த ஒரு சம்பவம், இந்த வயதில் என்னைக் கணினி வரலாறு படிக்க வைத்துவிட்டது. அதைத்தான் இன்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குறுந்தகட்டில் இருந்தது என்ன?

2000-ஆம் ஆண்டு கோடையில் அப்பா சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்த 43 பக்கங்கள் அவை. பிரெஞ்சுக்காரர் காலத்துப் புதுச்சேரியைப் பற்றிய அவருடைய நினைவுகள். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்ததையும், அதில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வேண்டும் என்று சொன்னதையும், எட்டுப் பேர் வேண்டாம் என்றதையும் வெளியே நின்ற கூட்டத்தில் ஒருவராக இருந்து பார்த்தவர் அவர். அந்த நவம்பர் 1-ஆம் தேதி ஆட்சி கைமாறியது. சட்டப்படி முழு இணைப்பு நடந்தது 1962 ஆகஸ்ட் 16. இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் எங்களைப் போன்ற குடும்பங்கள் என்ன நினைத்தன, எதற்குப் பயந்தன, யார் கப்பல் ஏறினார்கள், யார் நின்றார்கள் என்பதெல்லாம் அந்தப் பக்கங்களில் இருந்தன.

தட்டச்சு செய்தது நண்பர் ஒருவரின் வீட்டுக் கணினியில். அப்பா மறு ஆண்டே போய்விட்டார். அச்செடுத்து வைத்திருந்த ஒரே பிரதி 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் ஓடு பறந்தபோது நனைந்து கூழாகிவிட்டது. ‘போனால் போகட்டும், நெகிழ்வட்டிலிருந்து குறுந்தகட்டுக்கு மாற்றி வைத்திருக்கிறோமே’ என்று தைரியமாக இருந்தேன். சென்ற ஆண்டு அதைத் திறந்து பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது.

திரையில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. இருந்தவை அனைத்தும் பிரெஞ்சு எழுத்துகள். எகு குறி போட்ட எழுத்து, கிராவ் குறி போட்ட எழுத்து, வால் வைத்த ‘செதீய்’, தலையில் தொப்பி போட்ட உயிரெழுத்துகள். பள்ளியில் நான் பிரம்படி வாங்கிக் கற்ற அதே எழுத்துகள், எந்த ஒழுங்கும் இல்லாமல் வரிவரியாகக் கொட்டிக் கிடந்தன. அப்பாவின் தமிழ், பைத்தியம் பிடித்த பிரெஞ்சாக மாறி என் முன்னால் நின்றது. வேறு யாருக்கும் இது வேடிக்கையாக இருந்திருக்கும். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

என் மைத்துனியின் பேரன் தென்காசிப் பக்கம் மென்பொருள் வேலை பார்க்கிறான். மத்தளம்பாறையில் சோஹோ வந்த பிறகு இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் கணினி வேலைக்குச் சென்னைக்கே போக வேண்டும் என்பது இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டு அவன் சொன்னான்:

“தாத்தா, ஃபைல் கெட்டுப்போகல. அப்படியேதான் இருக்கு. எந்த ஃபாண்டுல அடிச்சியன்னு மட்டும் தெரிஞ்சா போதும்.”

“அது யாருக்கு ஞாபகம் இருக்கு? இருபத்துச் சொச்சம் வருஷமாச்சே.”

“அப்ப ஒண்ணொண்ணா போட்டுத்தான் பாக்கணும். அந்தக் காலத்துல ஒவ்வொரு மெஷினுக்கும் ஒவ்வொரு கணக்குல்லா.”

‘ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒவ்வொரு கணக்கு’ என்றால் என்ன என்று கேட்டேன். அவன் எடுத்துக்காட்டாகச் சொன்னது ஈமாக்ஸ் என்ற எழுதும் மென்பொருளின் கதையை. அதன் பிறகு நானே தேடித் தேடிப் படித்தேன்.

ஒரு இயந்திரத்தோடு செத்துப்போன மென்பொருள்

கணினியில் எழுத, திருத்த, அழிக்க உதவும் கருவிக்குத் தொகுப்பி என்று பெயர். 1976-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவுக் கூடத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மனும் அவருடைய கூட்டாளிகளும் உருவாக்கியதுதான் முதல் ஈமாக்ஸ். அது பி.டி.பி.-10 என்ற கணினிக்காகவே செய்தது. அந்தக் கணினி ஒரே மூச்சில் 36 துண்டுகள் கொண்ட எண்ணைக் கையாளும். இன்றைய 32, 64 கணக்குக்கு அது ஒத்தே வராது.

அந்தக் கணினியைச் செய்த டிஜிட்டல் நிறுவனம் 1983-இல் அந்த வரிசையையே நிறுத்திவிட்டது. இயந்திரம் போனதும் அதற்கென்று எழுதியவை எல்லாம் அதோடு போயின. நல்ல வீட்டை ஆற்றங்கரையில் கட்டியதுபோல. வீட்டில் குறை ஒன்றுமில்லை, ஆறுதான் கரையைக் கொண்டுபோயிற்று.

இதைக் கண்டு பாடம் கற்ற ஸ்டால்மன் 1984-இல் புதிதாக எழுதத் தொடங்கினார். 1985-இல் குனூ ஈமாக்ஸ் வெளிவந்தது. இம்முறை உள்ளே ஒரு சிறு கரு மட்டும் சி மொழியில். மற்ற பெரும்பகுதி லிஸ்ப் மொழியில். லிஸ்ப் பகுதிக்கு அடியில் எந்த இயந்திரம் இருக்கிறது என்ற கவலையே இல்லை. அந்தக் கவலை முழுவதும் சி மொழிக் கருவுக்கு மட்டும்தான். மூல நிரலையும் எல்லோருக்கும் கொடுத்துவிட்டார்.

மூல நிரலைப் பிரெஞ்சில் ‘கோட் சூர்ஸ்’ என்பார்கள். ‘சூர்ஸ்’ என்றால் ஊற்று. நீர் பிறக்கும் இடம். ஐந்தருவி அருகில் உட்கார்ந்து அந்தச் சொல்லைப் படித்தபோது அதன் பொருத்தம் எனக்கு நன்றாகவே புரிந்தது. மேலே ஒரே ஓடை. பாறையின் அமைப்புக்கு ஏற்பத்தான் கீழே ஐந்தாகப் பிரிந்து விழுகிறது.

சுற்றறிக்கை ஒன்று, இணைப்பு வேறு

1980-களில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு செயலியும் தனக்கென ஒரு இயங்குதளமும் வைத்திருந்தது. வாக்ஸ் ஒரு வகை. மோட்டரோலா செயலி வைத்த சன் கணினி இன்னொரு வகை. யுனிக்ஸிலேயே பெர்க்லி வழி என்றும் ஏ.டி.&டி. வழி என்றும் இரண்டு குலம். வி.எம்.எஸ். என்று தனிக் கோத்திரம்.

இத்தனைக்கும் ஒரே மூல நிரலை எப்படிக் கொடுப்பது? ஈமாக்ஸ்காரர்கள் செய்த ஏற்பாடு எங்கள் அலுவலகத்தில் நாங்கள் செய்ததேதான். தலைமையிடத்திலிருந்து சுற்றறிக்கை ஒன்றுதான் வரும். துறைக்குத் துறை மாறுபடும் விவரங்கள் பின்னிணைப்பில் இருக்கும். சுற்றறிக்கையை யாரும் தொடக் கூடாது. தன் துறைக்கான இணைப்பைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அப்படியே ஈமாக்ஸில் இரண்டு வகை இணைப்புக் கோப்புகள். ‘எம்’ என்று தொடங்கும் கோப்பு இயந்திரத்துக்கு. ‘எஸ்’ என்று தொடங்கும் கோப்பு இயங்குதளத்துக்கு. நிறுவ விரும்புகிறவர் ‘கான்ஃபிக்’ என்ற கோப்பைத் திறந்து, ‘என் இயந்திரம் வாக்ஸ், என் தளம் பெர்க்லி 4.2’ என்று இரண்டு பெயர்களையும் தன் கையால் எழுதி, அதன் பிறகு நிரலைக் கட்டமைக்க வேண்டும். எந்தெந்த இயந்திரத்தில் ஓடும், எதில் என்ன சிக்கல் என்று ஒரு பெரிய பட்டியலும் கூடவே வரும். அங்கங்கே இருந்த பயனர்கள் தங்கள் அனுபவத்தை எழுதி அனுப்ப, அந்தப் பட்டியல் வளர்ந்தது.

அந்த இணைப்புக் கோப்பில் அப்படி என்ன எழுதியிருக்கும்? மூன்று விஷயங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, வரிசை. 1962 என்ற எண்ணை இரண்டு அறைகளில் வைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில இயந்திரங்கள் 19-ஐ முதலிலும் 62-ஐ அடுத்தும் வைக்கும். சில இயந்திரங்கள் 62-ஐ முதலில் வைக்கும். மோட்டரோலா முதல் கட்சி. வாக்ஸும் இன்டெலும் இரண்டாம் கட்சி. நாம் தேதியை நாள், மாதம், ஆண்டு என்று எழுத, வேறு சிலர் ஆண்டிலிருந்து தொடங்குவது போலத்தான். இரண்டும் சரி. ஆனால் எதிரில் இருப்பவர் எந்தக் கட்சி என்று தெரியாமல் படித்தால் குழப்பம்.

இரண்டாவது, 127-க்கு மேற்பட்ட எண்கள். ஓர் எழுத்துக்கு எட்டுத் துண்டு இடம். அதில் 0 முதல் 255 வரை எழுதலாம். ஆனால் சில இயந்திரங்களில் 127-ஐத் தாண்டினால் அதைக் கழித்தல் எண்ணாக எடுத்துக்கொள்வார்கள். ஆங்கிலம் 127-க்குள் அடங்கிவிடுவதால் ஆங்கிலேயனுக்கு இது தெரியவே தெரியாது. பிரெஞ்சின் குறியிட்ட எழுத்துகளும், பின்னாளில் நம் தமிழும் குடியிருந்தது அந்த மேல்மாடியில்தான். கஷ்டம் நமக்குத்தான்.

மூன்றாவது, ‘புளித்த மாவு’ விஷயம். அந்தப் பெயர் நான் வைத்தது. ஈமாக்ஸ் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் லிஸ்ப் பகுதிகளை எல்லாம் ஏற்றுவதென்றால் அக்காலக் கணினிகளில் நெடுநேரம் ஆகும். காலையில் இட்லி கேட்டால் அப்போதுதான் அரிசி ஊறப்போடுவதுபோல. அதனால் ஒருமுறை எல்லாவற்றையும் ஏற்றி, நினைவகத்தில் இருந்ததை அப்படியே ஒரு புதிய நிரல் கோப்பாக எழுதி வைத்துக்கொண்டார்கள். மறுநாள் ஊற்ற வேண்டியதுதான். ஆனால் நிரல் கோப்பின் வடிவம் தளத்துக்குத் தளம் வேறு. எனவே ஒவ்வொரு வடிவத்துக்கும் தனித்தனி முறை எழுத வேண்டியிருந்தது. இந்தத் தலைவலி எவ்வளவு காலம் நீடித்தது தெரியுமா? எல்லா இடத்துக்கும் பொதுவான ஒரு முறை 2020-இல் வந்த 27-ஆம் பதிப்பில்தான் கிடைத்தது.

பதவியைக் கேட்காதே, வேலையைக் கொடுத்துப் பார்

இயந்திரங்கள் பெருகப் பெருக இணைப்புக் கோப்புகளும் பெருகின. புதிய மாதிரி ஒன்று வந்தால் அதற்கு ஒரு கோப்பு. அதே மாதிரியில் புதிய தளம் வந்தால் இன்னொரு திருத்தம். எங்கள் அலுவலகத்தில் திருத்தங்களுக்குத் திருத்தம் வந்து, கடைசியில் மூல ஆணை எது என்று யாருக்கும் தெரியாமல் போனதை நான் பார்த்திருக்கிறேன். அதே நிலை.

1991-இல் டேவிட் மெக்கென்சி என்பவர் ஆட்டோகான்ஃப் என்ற கருவியைத் தொடங்கினார். அதன் வழி எளியது. ‘உன் பெயர் என்ன, நீ எந்த மாதிரி’ என்று இயந்திரத்தைக் கேட்பதோடு நில்லாமல், ஒரு சின்ன நிரலை எழுதி அங்கேயே ஓட்டிப் பார்ப்பது. ஓடினால் இந்த வசதி உண்டு, ஓடாவிட்டால் இல்லை. புதிதாக வந்த எழுத்தரிடம் சான்றிதழை மட்டும் பார்க்காமல், ஒரு குறிப்பை எழுதச் சொல்லிப் பார்க்கும் கண்காணிப்பாளர் போல.

1993-இல் வந்த ஈமாக்ஸ் 19-இல் பயனர் கையால் எழுதும் வேலை போய், ஓர் ஆணையைக் கொடுத்தால் அதுவே இயந்திரத்தை அறிந்து அமைத்துக்கொள்ளும் முறை வந்தது. மெல்ல மெல்ல ‘எம்’ கோப்புகளும் ‘எஸ்’ கோப்புகளும் தேய்ந்து, 2012 வாக்கில் முழுவதும் நீக்கப்பட்டன. கால் நூற்றாண்டு அலுவல் பார்த்து ஓய்வு பெற்ற கோப்புகள் என்று நினைத்துக்கொண்டேன்.

தமிழுக்கு வந்த அதே சோதனை

இனி நம் கதை. ஆங்கிலக்காரர்களுக்கு இயந்திரம்தான் வேறுபட்டது; எழுத்துக்கான எண்ணாவது ஒன்றாக இருந்தது. நமக்கு அதுவும் இல்லை.

பிரெஞ்சுக்காரர்கள் பட்ட பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏழு துண்டுக் காலத்தில் அவர்கள் தங்கள் குறியிட்ட எழுத்துகளுக்கு இடம் இல்லாமல், ஆங்கிலப் பட்டியலில் இருந்த அடைப்புக்குறிகளை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் எழுத்துகளைக் குடிவைத்தார்கள். விளைவு, சி மொழி நிரலைப் பிரெஞ்சுத் திரையில் பார்த்தால் நெளிவு அடைப்புக்குறி திறக்கும் இடத்தில் எகு போட்ட எழுத்தும், மூடும் இடத்தில் கிராவ் போட்ட எழுத்தும் நிற்கும். எட்டுத் துண்டுக்கு மாறி 1987-இல் லத்தீன்-1 என்ற சர்வதேசத் தரம் வந்தபோதும் ஓ-வும் எ-யும் ஒட்டிய கூட்டெழுத்தை விட்டுவிட்டார்கள். ‘சகோதரி’, ‘இதயம்’ என்ற இரண்டு சொற்களையும் அந்தத் தரத்தில் பிரெஞ்சில் பிழையின்றி எழுத முடியாது. 1999-இல் யூரோ குறியைச் சேர்த்த இன்னொரு தரத்தில்தான் அந்த எழுத்துக்கு இடம் கிடைத்தது.

தமிழில் முன்னோடிகள் பெரும்பாலும் கடல் கடந்து இருந்தவர்கள். கனடாவில் இருந்த முனைவர் சீனிவாசன் 1980-களில் ஆதமி என்ற மென்பொருளைச் செய்தார். ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழாக மாற்றித் தரும். மலேசியாவில் முத்து நெடுமாறன் அதே காலத்தில் முரசு தொடங்கினார். சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை இலவசமாகக் கொடுத்தார். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மூலம் பழந்தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றியவர்களும் அவரும் அவருடைய நண்பர்களும்தான்.

ஆனால் ஒவ்வொரு எழுத்துருவும் தன் விருப்பப்படி எண் வைத்தது. ஒன்றில் ‘க’ இருந்த எண்ணில் இன்னொன்றில் ‘ழ’ இருக்கும். ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க அதே எழுத்துரு வேண்டும். இதைச் சரிசெய்ய உலகெங்கும் இருந்த தமிழர்கள் மின்னஞ்சலிலேயே விவாதித்து ‘திஸ்கி’ என்ற குறியீட்டை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டில் தாப், தாம் என்று வேறு இரண்டு குறியீடுகளும், தமிழ்99 விசைப்பலகையும் தரப்படுத்தப்பட்டன. அதற்கு முன்பே, 1991-இல் வெளிவந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடம் ஒதுக்கியிருந்தார்கள். ஆனால் அதை இயக்கும் வசதி விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் சாதாரணக் கணினிக்கு வந்தது. நான் அப்பாவின் குறிப்பை அடித்தது சரியாக இந்தச் சந்தியில்.

வரிசைச் சண்டை இங்கும் உண்டு. ‘கெ’ என்று எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது. ஒலிக்கும்போது ‘க்’ முன்னால் வருகிறது. திஸ்கியில் கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி கொம்பை முதலில் வைத்தார்கள். யூனிகோடில் ஒலிக்கும் வரிசைப்படி மெய்யை முதலில் வைக்கிறார்கள். மோட்டரோலா, இன்டெல் கட்சிகளைப் போலவே இரண்டும் சரி. எது என்று தெரியாமல் மாற்றினால்தான் கொம்பு பக்கத்து எழுத்தின் தலையில் ஏறிவிடும்.

காணாமல் போன ‘இ’

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பேரன் ஒரு மாற்றியில் கோப்பின் முதல் பத்தியைப் போட்டான். முதலில் தாப் என்று வைத்துப் பார்த்தான். தமிழ் எழுத்துகள் வந்தன, தமிழ் வரவில்லை. இன்னும் இரண்டு மூன்று எழுத்துருக்களின் கணக்கில் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான். பிறகு திஸ்கி என்று வைத்தான். திரையில் ‘அப்பா சொன்னவை’ என்ற தலைப்பு எழுந்து நின்றது. நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் காபி கலக்கப் போனாள்.

ஒரு குறை மட்டும் இருந்தது. ‘இந்தியா’ என்று இருக்க வேண்டிய இடமெல்லாம் ‘ந்தியா’ என்று இருந்தது. ‘இங்கே’ என்பது ‘ங்கே’. ‘இணைப்பு’ என்பது ‘ணைப்பு’. 43 பக்கத்திலும் ஒரு தனி ‘இ’கூட இல்லை.

காரணத்தை அவன் தேடிச் சொன்னான். தொடக்கத் திஸ்கியில் ‘இ’க்குக் கொடுத்த எண் 173. மேல்நாட்டுப் பட்டியலில் அதே எண் வரி முடிவில் சொல்லை உடைக்கும் ‘மறைவுக் கோடு’. தேவைப்பட்டால் ஒழியத் தெரியாத கோடு அது. எனவே சில மென்பொருள்கள் அந்த எண்ணைக் கண்டால் காட்டாமல் விட்டுவிடும், சில தூக்கியே எறிந்துவிடும். இதை அறிந்து பின்னால் வந்த திருத்தத்தில் ‘இ’க்கு 254 என்று மாற்று இடம் கொடுத்தார்கள். என் கோப்பு அதற்கு முந்தியது. நெகிழ்வட்டிலிருந்து குறுந்தகட்டுக்கு வந்த வழியில் ஏதோ ஒரு மென்பொருள் ‘இது வெறும் கோடு’ என்று நினைத்து எல்லா ‘இ’யையும் துடைத்துவிட்டது.

இந்தியாவோடு சேர்ந்த கதையில் ‘இ’ மட்டும் சேராமல் போயிற்று. அப்பா இருந்திருந்தால் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார்.

ஒவ்வொரு ‘இ’யையும் நானே கையால் சேர்த்தேன். பதினோரு நாள் ஆயிற்று. ‘பொறுமையாப் பண்ண வேண்டாம் தாத்தா, நான் ஒரே நிமிஷத்துல நிரல் எழுதித் தாரேன்’ என்றான் பேரன். வேண்டாம் என்றேன். எல்லாச் சொல்லிலும் ‘இ’ போட்டுவிட முடியுமா? எங்கே போட வேண்டும் என்பது அப்பாவின் குரல் காதில் இருக்கிற எனக்குத்தான் தெரியும். அந்தப் பதினோரு நாளும் அவரோடு உட்கார்ந்திருந்ததுபோல இருந்தது என்பதும் ஒரு காரணம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள்

இன்று அவை எல்லாம் யூனிகோடில் இருக்கின்றன. தமிழ்நாடு அரசும் 2010-இல் யூனிகோடையே தரமாக ஏற்றுவிட்டது. ஈமாக்ஸின் அண்மைப் பதிப்பில் தமிழ்99 முறையிலேயே தமிழ் எழுதலாம் என்று பேரன் காட்டினான். லினக்ஸின் அடிப்படை நூலகத்திலேயே திஸ்கியை மாற்றும் வசதி இருக்கிறதாம். எங்கோ முகம் தெரியாத ஒருவர், பயன்படப் போவது யாருக்கு என்று தெரியாமலே அதை எழுதி வைத்திருக்கிறார். அவருக்கு என் வணக்கம்.

என் வயதுக்காரர்களுக்குச் சொல்கிறேன். உங்கள் அலமாரியில் பழைய குறுந்தகடோ நெகிழ்வட்டோ இருந்தால் இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். திறந்தால் கிறுக்கலாகத் தெரிகிறதா? தூக்கி எறியாதீர்கள். எந்த ஆண்டு, எந்த மென்பொருள், எந்த எழுத்துரு என்று நினைவிருப்பதை ஒரு தாளில் எழுதிச் சேர்த்து வையுங்கள். மாற்றும் முன் மூலக் கோப்பின் நகல் ஒன்றைத் தொடாமல் தனியே வையுங்கள். பிறகு வீட்டுப் பிள்ளைகளில் விவரம் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள். வருவார்கள், காபி மட்டும் கொடுத்தால் போதும்.

ஐந்தருவித் தண்ணீர் ஐந்தாகப் பிரிந்து விழுந்தாலும் கீழே ஒன்றாகிச் சிற்றாற்றில் சேருகிறது. சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியில் கலக்கிறது. நம் எழுத்தும் அத்தனை இயந்திரங்களில் பிரிந்து விழுந்து, நல்லவேளையாக ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. வழியில் கொஞ்சம் ‘இ’ சிந்தியது, அவ்வளவுதான்.

அப்பாவின் குறிப்புகளில் கீழூர் பற்றிய பகுதியை அடுத்த பதிவில் இடுகிறேன். சாரல் வலுக்கிறது, துணி எடுக்க வேண்டும். வருகிறேன்.